கீழ்மடிப்பில் ஒரு செம்பட்டை முடி

சந்தேகம் எனக்குப் பிறவிக் குணம். ரொட்டிக் கடையில் ரொட்டியைத் தட்டிப் பார்த்துத்தான் வாங்குவேன். பாதிரியார் பாவமன்னிப்புக் கொடுத்தால்கூட, மனதாரக் கொடுத்தாரா, மதியச் சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டதென்று கொடுத்தாரா என்று வீடு வரை யோசித்துக்கொண்டு போவேன். இந்தக் குணம்தான் என்னை மதாம் கெர்வெல்லின் இரண்டாம் மாடித் தையல்கூடத்துக்குத் தலைவியாக்கியது. பதினான்கு பெண்கள் ஊசியும் நாக்குமாக உட்கார்ந்திருக்கும் இடத்தில் எல்லாரையும் நம்புகிறவள் தலைவியாக இருந்தால் ஒரு பட்டுத்துண்டு மிஞ்சாது.

மதாம் கெர்வெல்லைப் பற்றி பாரிஸில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் நான் அவரிடம் வேலைக்கு வந்த நாளிலேயே அவர் என் இடுப்புக்கச்சையை அறுத்துவிட்டார். 1907, எனக்கு இருபத்திரண்டு வயது. திமிங்கல எலும்பு வைத்த கச்சைக்குள் மூச்சுவிட இடமில்லாமல் நின்றுகொண்டிருந்தேன். "குனிஞ்சு அந்த ஊசியை எடு" என்றார். எடுக்க முடியவில்லை. மேசைக் கத்தரியை எடுத்து முதுகில் முடிச்சை நறுக்கினார். "இப்ப எடு" என்றார்.

நார்மண்டிக் கடற்கரையில் கப்பல்பாய் தைத்தவரின் மகள் அவர். துணியை நேராக வெட்டாமல் குறுக்காக வெட்டினால் அது உடம்போடு சேர்ந்து அசையும் என்பதை அப்பாவின் பட்டறையில் கற்றுக்கொண்டாராம். தோளில் தையலே இல்லாத ஒரு சட்டைக்கையை அவர்தான் முதலில் வெட்டினார். அதுவரைக்கும் பணக்காரப் பெண்களால் தங்கள் தொப்பியைத் தாங்களே எடுக்க முடியாது. கையைத் தூக்கினால் அக்குள் கிழியும். மதாமின் கை வந்த மூன்று மாதத்தில் ஊர் முழுக்க அதைத் திருடித் தைத்தார்கள். டிராமில் வாரைப் பிடித்துத் தொங்கும் கடைக்காரப் பெண்கள், போர்க்காலத்தில் தபால் பை சுமந்த பெண்கள், எல்லாருக்கும் அந்தக் கைதான். அவர்களில் பாதிப் பேருக்கு மதாமின் பெயர் தெரியாது.

இனி 1926 ஜூலைக்கு வருகிறேன்.

அந்தத் திங்கட்கிழமை காலையில் மதாம் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசைமேல் ஒரு பெரிய அட்டைப்பெட்டி.

"கதவைச் சாத்து, ஓர்த்தான்ஸ்."

சாத்தினேன். பெட்டியின் மூடியை ஒரு சாண் அளவுக்குத் தூக்கிக் காட்டினார். உள்ளே வெள்ளைப் பட்டு.

"என்னன்னு தெரியுதா?"

"நம்ம கல்யாண உடை, மதாம்."

"சேன்-தெனி வாசல்கிட்ட ஒரு கடை இருக்கு. அடுத்தவங்க மாதிரியைத் திருடித் தைச்சு விக்கிற கடை. நேத்து அங்க கண்ணாடிக்குப் பின்னாடி நின்னுச்சாம் இது. ஆள் அனுப்பி எடுத்துட்டு வந்தேன்."

குளிர்காலத் தொகுப்பைக் காட்ட இன்னும் ஒன்பது நாள். எங்கள் வழக்கப்படி காட்சியில் கடைசியாக வருவது கல்யாண உடை. அதைப் பார்க்கத்தான் அமெரிக்க வியாபாரிகள் கப்பலேறி வருகிறார்கள். நான் கை நீட்டினேன். மதாம் மூடியைப் பட்டென்று இறக்கினார்.

"தொடாத. வக்கீல் பெலூஸ் பார்க்கணும். பத்திரிகைக்காரங்களுக்கும் சொல்லியாச்சு."

"பத்திரிகைக்கா?"

"திருட்டு திருட்டுதானே. ஊருக்குத் தெரியட்டும்." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இந்த உடை உன் கூடத்துல மட்டும்தான் தைச்சது. பதினாலு பேர். வெள்ளிக்கிழமைக்குள்ள எனக்கு ஒரு பேர் வேணும். பேர் வரலைன்னா பதினாலு பேரும் வெளிய போவாங்க. திருடினவ பேரு எல்லா தையல் வீட்டுக்கும் போகும். பாரிஸ்ல அவளுக்கு யாரும் ஊசி குடுக்க மாட்டாங்க."

மாடிப்படி ஏறும்போது ஒவ்வொரு படியிலும் ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தேன். பதினான்கு முகமும் திருட்டு முகமாகவே தெரிந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது சும்மா சொன்னதில்லை.

அந்த உடையைப் பற்றி ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். அதை நாங்கள் இரண்டு முறை தைத்தோம். மே மாதம் முதலாவது. அதன் கீழ்மடிப்பு முழுவதையும் நானே தைத்தேன், பெண்கள் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்த நேரத்தில். மதாம் அதைப் போட்டுப் பார்த்துவிட்டு, "தொங்கல் சரியில்ல" என்று என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போனார். பிடிக்காததைத் தன் கையாலேயே நறுக்கிக் கணப்பில் போடுவது அவர் பழக்கம். பிறகு இன்னொன்று தைக்கச் சொன்னார். அதன் மடிப்பைப் பெண்கள் தைத்தார்கள். தைக்கும்போது ஒரே குசுகுசு. கல்யாண உடையின் கீழ்மடிப்புக்குள் தன் தலைமுடி ஒன்றை வைத்துத் தைத்தால் வருஷம் திரும்புவதற்குள் தனக்கும் கல்யாணம் என்பது எங்கள் தொழிலில் மணமாகாத பெண்கள் எல்லாருக்கும் உள்ள நம்பிக்கை. அந்த மடிப்பை உதறினால் ஒரு சவரி முடியலாம், அத்தனை முடி.

"கூடத்துல தலை வாரக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்ல. கல்யாணம் முடியில இருந்தா மொட்டையடிச்சவ எல்லாம் என்னடி பண்ணுவா" என்று நான் அவர்களைக் கேலி செய்தேன்.

"உங்களுக்கென்ன மத்மசேல், நீங்க ஆசைப்படுற வயசைத் தாண்டிட்டீங்க" என்றாள் ஃபெர்னாந்த். மத்மசேல் என்றால் கல்யாணமாகாதவள், அந்தச் சொல்லை அழுத்தியே சொன்னாள். அவளுக்கு வாய் நீளம். நானும் எல்லாரோடும் சேர்ந்து சிரித்தேன்.

சரி, திருடிக்கு வருவோம். செவ்வாயன்று எல்லாப் பெண்களின் கைப்பையையும் வாசலில் சோதித்தேன். ஃபெர்னாந்திடம் புதுப் பட்டுக் காலுறை இருந்தது. "யாரு குடுத்தா?" என்றேன். "கறிக்கடைக்காரர். அவர் பொண்டாட்டிகிட்ட கேட்டுறாதீங்க" என்றாள். அது வேறு பாவம், எனக்குத் தேவையில்லை. சாயங்காலம் உடை மாதிரி வரைந்த வெட்டுக் காகிதங்களை வழக்கம்போல எண்ணிப் பார்த்து அடுப்பில் எரித்தேன். ஒன்றும் குறையவில்லை.

புதன்கிழமை கண்ணில் பட்டவள் சொலாஞ். கூடத்தில் அவள் கைக்கு ஈடான கை இல்லை. அந்த நவம்பரில் அவளுக்கு இருபத்தைந்து நிறையவிருந்தது. இருபத்தைந்து வயதாகியும் கல்யாணமாகாத தையல்காரிகளுக்குச் செயின்ட் கத்தரீன் நாளில் மஞ்சளும் பச்சையுமாகத் தொப்பி சூட்டுவது வழக்கம், அப்படி அவளைக் கலாய்க்க எல்லாரும் காத்திருந்தார்கள். அமைதியான பெண். அமைதியான பெண்களை நான் இருமடங்கு கவனிப்பேன். கொஞ்ச நாளாக அவளிடம் ஒரு புதுப் பழக்கம். நூல் கோக்கும் இடைவெளியில் மடியில் பத்து விரலும் தாமாகத் தாளம் போடும். மதியம் மற்றவர்களோடு சாப்பிட வராமல் தனியாக வெளியே போவாள். எங்கே என்று கேட்டால், "சும்மா நடந்துட்டு வரேன்" என்பாள். சும்மா நடக்கிறவள் ஏன் ஓட்டமும் நடையுமாகப் போகிறாள்?

வியாழன் மதியம் பின்தொடர்ந்தேன். நேராகச் சேன்-தெனி வாசல் பக்கம்தான் போனாள். மதாம் சொன்ன அந்தக் கடை அங்கே இருந்தது, கண்ணாடிக்குப் பின்னால் வேறொரு உடை நின்றுகொண்டிருந்தது. கடைக்கு ஒட்டினாற்போல ஒரு வாசல். சொலாஞ் அதற்குள் நுழைந்தாள். நான் எதிரே ஒரு செர்ரிப்பழ வண்டிக்குப் பின்னால் ஒதுங்கினேன். முப்பது, நாற்பது நிமிடம். வெயில் மண்டையைப் பிளந்தது.

வண்டிக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "பழம் வாங்குறீங்களா, இல்ல வண்டிக்குக் காவல் நிக்கிறீங்களா?" என்றார்.

கால் கிலோ வாங்கினேன். சொலாஞ் வெளியே வரும்போது முகம் சிவந்து, உதட்டில் ஒரு சின்னச் சிரிப்பு. அந்தச் சிரிப்பு எனக்குப் போதுமானதாக இருந்தது. கிட்டப் போய் அந்த வாசலில் என்ன பலகை தொங்குகிறது என்று பார்த்திருக்கலாம். மாட்டிக்கொள்வேனோ என்று பார்க்கவில்லை. வேவு பார்க்கிறவளுக்கு வெட்கமும் சேர்ந்தால் அரைக் கிணறுதான் தாண்டுவாள்.

அன்று மாலை, ஆணியில் தொங்கிய அவள் மேலங்கியின் பைக்குள் கைவிட்டேன். நாலாக மடித்த ஒரு தாள். பிரித்தால் வட்டம் வட்டமாக வரிசை. ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் ஓர் எழுத்து, அதன் கீழே ஒன்றிலிருந்து நான்கு வரை ஏதோ ஓர் எண். எழுத்துகள் ஒழுங்காகவும் இல்லை. முதல் எழுத்துக்குப் பக்கத்தில் கடைசி எழுத்து, அதற்குப் பக்கத்தில் ஐந்தாவது. இது குழூஉக்குறி இல்லாமல் வேறென்ன? எந்தத் துண்டை எந்தத் துண்டோடு சேர்ப்பது என்று திருட்டுக் கடைக்காரனுக்கு எழுதிய இரகசியக் குறிப்பு. தாளை என் ரவிக்கைக்குள் செருகிக்கொண்டேன். கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அதை இப்போது மறைக்க விரும்பவில்லை.

வெள்ளி காலை மதாமிடம் தாளையும் பெயரையும் கொடுத்தேன். தாளை மதாம் வெகுநேரம் பார்த்தார். பிறகு இழுப்பறையைத் திறந்து உள்ளே போட்டார்.

"போதும்" என்றார்.

"என்ன எழுதியிருக்குன்னு அவகிட்டக் கேட்க வேணாமா, மதாம்?"

"வேணாம். கூட்டிட்டு வா."

சொலாஞ்சை வாசற்படியிலேயே நிறுத்தி, "நீ என்ன செஞ்சேன்னு உனக்குத் தெரியும். உன் கத்தரியை எடுத்துக்கிட்டுப் போ" என்றார் மதாம். ஒரு கேள்வி இல்லை, ஒரு பதிலுக்கு இடமில்லை. சொலாஞ் மதாமைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"மத்மசேல், நீங்களா சொன்னீங்க?"

நான் அணைந்து கிடந்த கணப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நான் என்ன செஞ்சேன்னாவது சொல்லுங்க" என்றாள். மதாம் கதவைக் காட்டினார். அவள் கத்தரியைத் துணியில் சுற்றிக்கொண்டு போனாள். எனக்கு ஒன்று உறுத்தியது: பொத்தான் ஒன்று தொலைந்தால் முக்கால் மணி நேரம் விசாரிக்கிற மதாம், இவளை ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை? ஆனால் நான் ஜெயித்த பக்கத்தில் நின்றேன். ஜெயித்தவர்கள் உறுத்தலை வீட்டுக்கு எடுத்துப் போவதில்லை.

திங்கட்கிழமை மதாம் ஓர் அமெரிக்கச் சீமாட்டிக்கு அளவு பார்க்க ஓட்டலுக்குப் போயிருந்தார். அந்த நேரம் பார்த்து வக்கீல் பெலூஸின் குமாஸ்தா மாடியேறி வந்தார், கையில் அதே அட்டைப்பெட்டி.

"வக்கீல் ஐயா அனுப்பினாரு. தையலைப் பார்த்தா யார் கைன்னு நீங்க சொல்லிருவீங்களாமே."

"கையெழுத்து மாதிரிதான். கண்ணை மூடிட்டுத் தடவினாலே சொல்லுவேன்."

"நல்லதாப் போச்சு. அந்தப் பொண்ணு கைதான்னு ரெண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு வைங்க. நாளைக்குக் காலையில புகார் குடுக்கிறோம். அப்புறம் போலீஸ் பார்த்துக்கும்."

பெருமையாக இருந்தது எனக்கு. பெட்டியை ஜன்னலோரம் எடுத்துப் போய் உடையை விரித்தேன். முதலில் உறுத்தியது பட்டு. திருட்டுக் கடைக்காரன் போடுகிற மலிவுப் பட்டில்லை. லியோன் நகரத்துப் பட்டு, நாங்கள் வாங்கும் அதே நெசவு. இதையுமா திருடினாள் என்று நினைத்துக்கொண்டே கீழ்மடிப்பைப் புரட்டினேன்.

சொலாஞ்சின் தையல் இடப்பக்கம் சற்றுச் சாய்ந்திருக்கும். இது சாயவில்லை. நேர் நேராகப் போய், பத்துக்கு ஒரு தையல் கொஞ்சம் ஆழமாக இறங்கி, மறுபடி நேராகப் போனது. பத்துக்கு ஒன்றை ஆழமாக இறக்கும் பைத்தியக்காரத்தனம் பாரிஸில் ஒருத்திக்குத்தான் உண்டு. யாரையும் நம்பாதவள், தன் தையலையும் நம்பாமல் பத்துக்கு ஒரு காவல் வைக்கிறவள்.

ஊசியால் ஒரு சாண் பிரித்தேன். மடிப்புக்குள் ஒரு முடி சுருண்டு கிடந்தது. செம்பட்டை, அடியில் விரற்கடை நீளத்துக்கு நரை. அந்தக் கட்டடத்திலேயே செம்பட்டைத் தலை ஒன்றுதான். அது என் கழுத்தின்மேல் இருக்கிறது.

ஆமாம், நான் வைத்தேன். மே மாதம், கூடம் காலியாக இருந்த அந்த மதியத்தில். டிராம் நிறுத்தத்தில் ஒரு தபால் அலுவலகக்காரர் இரண்டு வாரமாக என்னைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். மனைவியை இழந்தவர். ஜூன் மாதம் வேறு தடத்துக்கு மாறிப் போய்விட்டார், அதோடு முடிந்தது. நாற்பத்தொரு வயதில், பெண்களைத் தினம் கேலி செய்கிற வாயை வைத்துக்கொண்டு, நான் ஒரு முடியைப் பிடுங்கி மடிப்புக்குள் வைத்துத் தைத்தேன். ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்த என்னை வெட்கம் பிடுங்கித் தின்றது. திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான். வலிக்கிறது, கத்த முடியாது.

வெட்கம் கொஞ்சம் தணிந்த பிறகுதான் மூளை வேலை செய்தது. இது நகல் இல்லை. மே மாதம் நான் தைத்த முதல் உடை இதுவேதான். என் கையிலிருந்து அதை வாங்கிப் போனவர் ஒருவரே. நறுக்கிக் கணப்பில் போடப் போகிறேன் என்று வாங்கிப் போனார்.

உடையை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு கீழே போனேன். மதாமின் அறைக்கு அவருடைய காரியதரிசி இருக்கும் முன்னறை வழியாகத்தான் போக வேண்டும். காரியதரிசி சாப்பிடப் போயிருந்தாள். மேசைமேல் அவளுடைய தட்டச்சு இயந்திரம் மூடாமல் கிடந்தது. பத்தொன்பது வருஷமாக அதைத் தாண்டிப் போயிருக்கிறேன், ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை. அன்று பார்த்தேன். வட்டம் வட்டமாக வரிசை. முதல் எழுத்துக்குப் பக்கத்தில் கடைசி எழுத்து, அதற்குப் பக்கத்தில் ஐந்தாவது.

அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அந்தக் கடைக்குப் பக்கத்து வாசலில் இருந்தது தட்டச்சுப் பள்ளியாகத்தான் இருக்க வேண்டும். தாளில் எழுத்துகளின் கீழே இருந்த எண்கள் எந்த விரல் என்பதற்கு. மடியில் விரல்கள் போட்ட தாளம் அதற்குத்தான். தையலை விட்டுப் போகப் பார்க்கிறாள், அதை என்னிடம் சொல்லப் பயம், அவ்வளவுதான் அவள் இரகசியம். எனக்குத் தட்டச்சு தெரியாது. ஆனால் தினம் காலையில் இந்த மேசையருகே நின்று கடிதம் சொல்லும் மதாமுக்குத் தெரியும். பார்த்தவுடனே தெரிந்திருக்கும்.

மதாம் நான்கு மணிக்கு வந்தார். அவர் மேசையில் உடை விரிந்து கிடந்ததையும், மடிப்பு பிரிந்திருந்ததையும் பார்த்தார். நான் அந்த முடியை ஒரு வெள்ளைத் தாளின்மேல் வைத்திருந்தேன்.

"இதை யார் உன்கிட்டக் குடுத்தது?"

"வக்கீல். என் கையை நானே அடையாளம் சொல்லணுமாம்."

மதாம் முடியைப் பார்த்தார். என் தலையைப் பார்த்தார். "நீயா? இந்த வயசுலயா?"

"இந்த வயசுலதான், மதாம்."

அவர் உட்கார்ந்தார். கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றினார். மறுப்பார், கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மறுக்கவில்லை.

"ரெண்டு வருஷமாச்சு, ஓர்த்தான்ஸ். என்னை யாரும் திருடல."

எனக்குப் புரியவில்லை.

"முன்னல்லாம் காட்சி முடிஞ்ச மறுநாளே தெருவுல என் கழுத்து நிக்கும், என் கை நிக்கும். ஒரு நாள் ரொட்டிக் கடைக்காரி என் கையைப் போட்டுக்கிட்டு மேல் தட்டுல இருந்து ரொட்டி எடுத்தா. நான் கடைக்கு வெளிய நின்னு அழுதேன், தெரியுமா, சந்தோஷத்துல. எல்லார்கிட்டயும் திருட்டு திருட்டுன்னு கத்தினேன், உள்ளுக்குள்ள அவ்வளவு இனிப்பு. இப்ப அந்தக் கடைக்காரன் புதுசா வந்த பொடிப்பசங்களைத் திருடுறான். என் வாசலுக்கு ஒரு திருடன்கூட வரல. அதான் நானே பெட்டியில வச்சு, பேர் போடாம அனுப்பினேன்."

"அவன் கண்ணாடியில வச்சான்."

"வச்சான். நாலு பத்திரிகையில வந்துருச்சு. கெர்வெல் மாதிரி திருட்டுப் போச்சுன்னு. புதன்கிழமைக் காட்சிக்கு உக்கார இடமில்ல இப்ப."

பாவமாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். என் கச்சையை அறுத்த கை அந்த மேசைமேல் சுருங்கிக் கிடந்தது. ஆனால் பாவத்துக்குப் பின்னாலேயே கோபம் வந்தது.

"அந்தத் தாள் என்னன்னு உங்களுக்குத் தெரிஞ்சுதானே இழுப்பறையில போட்டீங்க."

"வக்கீல் ஒரு திருடியைக் கேட்டாரு. நீ ஒரு பேரைக் கொண்டு வந்தே." என்னை நேராகப் பார்த்தார். "நான் கொண்டு வரல, நீ கொண்டு வந்தே. அவ எப்படியும் தையலை விட்டுப் போறவதானே."

"திருடின்னு பேர் வாங்கினவளுக்கு எந்த ஆபீஸ்ல நாற்காலி போடுவாங்க, மதாம்? நாளைக்குப் போலீஸ் அவ வீட்டுக்குப் போகும்."

நான் அவருடைய பேனாவை எடுத்து, முடி கிடந்த அதே தாளில் எழுதினேன்: இந்த உடையின் கீழ்மடிப்பு ஓர்த்தான்ஸ் பெர்ரியேவின் கை, இதில் இருக்கும் முடியும் அவளுடையது, சொலாஞ்சின் தையல் ஒன்றுகூட இதில் இல்லை. கீழே கையெழுத்துப் போட்டேன்.

"யோசிச்சுக்கோ" என்றார் மதாம் மெதுவாக. "இதைப் படிச்சா நீதான் குடுத்தேன்னு சொல்வாங்க. நான் அதை மறுக்க மாட்டேன். மறுக்கவும் முடியாது."

"தெரியும்."

"அப்புறம் ஏன்?"

"பதினாலு பேரையும் நான் சந்தேகப்பட்டேன். என்னை ஒரு பதினாலு பேர் சந்தேகப்பட்டா என்ன ஆயிடும். அந்தத் தாளைக் குடுங்க, மதாம். அது சொலாஞ்சுது."

அவர் இழுப்பறையைத் திறந்து கொடுத்தார். வக்கீலிடம் நானே போனேன். பெலூஸ் ஐயா என் எழுத்தை இரண்டு தடவை படித்து, முடியை மூக்குக்கண்ணாடி வழியாகப் பார்த்து, இருமினார். தையல்கூடத்தின் தலைவியே மாட்டிக்கொண்டாள் என்று புகார் கொடுப்பது தையல் வீட்டுக்குப் பெருமையா என்று மதாமிடம் கேட்டாராம். வேண்டாம் என்றாராம் மதாம். என்னை அவர் வேலையிலிருந்து நீக்கவும் இல்லை. திருடர் அகப்படவில்லை என்று பத்திரிகையில் இரண்டு வரி வந்தது. காட்சிக்கு மூன்று வரிசை நாற்காலி கூடுதலாகப் போட்டோம். ஆகஸ்ட் முடிவதற்குள் ஐந்து கடைகளில் மதாமின் கை திருட்டுப் போயிருந்தது.

சொலாஞ்சின் வீடு பெல்வில் மேட்டில், நாலாவது மாடி. கதவைப் பாதி திறந்துகொண்டு நின்றாள், உள்ளே வா என்று சொல்லவில்லை. நான் தாளை நீட்டினேன்.

"இதைத் திருடினது நான்" என்றேன். "உன் பையில இருந்து. உன்னைப் பின்னாலயே வந்து வேவு பார்த்ததும் நான்தான். புகார் இல்ல, உன் பேர்ல ஒண்ணும் இல்ல. வேலைக்கு வா."

அவள் தாளை வாங்கி, மடிப்பை நீவினாள். "அப்ப உடையைக் குடுத்தது யாரு?"

"அதோட கீழ்மடிப்பு என்னுது."

"நான் அதைக் கேக்கல."

அவள் தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "உங்களுக்கு டைப்பு தெரியாது. மதாமுக்குத் தெரியும்ல" என்றாள். பிறகு, "டைப்புப் பரீட்சை ஜனவரியில. அதுவரைக்கும்தான் வருவேன்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

மதாமைப் பற்றி அவள் வாய் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை. ஆனால் வக்கீலின் குமாஸ்தாவுக்கு வாய் இருந்தது. ஒரு வாரத்தில் கூடம் முழுக்கத் தெரிந்துவிட்டது: திருட்டு உடையில் இருந்தது தலைவியின் முடி. நான் உள்ளே வந்தால் பேச்சு நிற்கும். "உஸ், ஒட்டுக்கேக்குற காது வருதுடி" என்பாள் ஃபெர்னாந்த், எனக்குக் கேட்கிற மாதிரியே. சாயங்காலம் நான் வெட்டுக் காகிதம் எண்ணினால், எனக்குப் பின்னால் ஒருத்தி நின்று மறுபடி எண்ணுவாள். என் மேலங்கியின் பைகூட ஒருநாள் புரட்டிப் போட்டிருந்தது. செர்ரி வண்டிக்குப் பின்னால் நின்றபோது நான் எப்படித் தெரிந்திருப்பேன் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஊசியின் முனை எந்தப் பக்கம் என்பது குத்தின பிறகுதான் தெரிகிறது.

நவம்பர் இருபத்தைந்து, செயின்ட் கத்தரீன் நாள் வந்தது. அன்று வேலை கிடையாது. கேக், ஷாம்பெயின், பாட்டு. மதாம் எல்லாக் கூடத்துக்கும் வந்து இருபத்தைந்து வயதுப் பெண்களுக்குத் தொப்பி சூட்டுவார். சொலாஞ்சுக்கு மஞ்சள் பச்சையில் ஒரு பெரிய தொப்பி, உச்சியில் அட்டையில் செய்த குட்டித் தட்டச்சு இயந்திரம். மதாமே அதை வைத்துவிட்டார். வைக்கும்போது அவர் அவள் கண்ணைப் பார்க்காததை நானும் கவனித்தேன், சொலாஞ்சும் கவனித்தாள்.

மதாம் போன பிறகு என் நாற்காலிக்குத் திரும்பினேன். அதன்மேல் இன்னொரு தொப்பி இருந்தது. அதுவும் மஞ்சள் பச்சை. விளிம்பைச் சுற்றிச் செம்பட்டைப் பட்டுநூல் முடி மாதிரி சுருள் சுருளாகத் தொங்கியது, ஒவ்வொரு சுருளின் அடியிலும் கொஞ்சம் வெள்ளை நூல். கூடத்தில் பதினான்கு பேரும் என்னையே பார்த்தார்கள். ஃபெர்னாந்த் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

பழக்கம் விடுமா? தொப்பியை எடுத்தவுடன் திருப்பிப் போட்டு உள்தையலைப் பார்த்தேன். இடப்பக்கம் சாய்ந்திருந்தது. கோபத்தில் தைத்தால் அவள் நூலை இறுக்குவாள், துணி சுருங்கும். இதில் சுருக்கம் இருக்கிறதா என்று ஜன்னல் பக்கம் திருப்பினேன். உள்துணி போட்டிருந்ததால் தெரியவில்லை.

"என்ன மத்மசேல்" என்றாள் சொலாஞ், தன் இடத்திலிருந்து எழுந்திருக்காமல். "அப்படியே போட்டுப்பீங்களா, இல்ல பிரிச்சுப் பார்க்கணுமா?"

என் இடுப்பில் கத்தரி தொங்கியது. உள்துணியில் நாலு தையல் அறுத்தால் தெரிந்துவிடும், அது பரிகாசமா மன்னிப்பா என்று.

"பிரிக்க வேணாம்" என்று சொல்லி, தலையில் வைத்துக்கொண்டேன்.